வலது பக்கம் இழுக்கிற வண்டியும் ஒரு நூல் பிசகாத நானும்

செவ்வாய்க்கிழமை, மத்தியானம்
தையல் கடை

மரியாதைக்கும் அன்புக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பியின் மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் பொய் எழுதக் கை வரவில்லை. உங்கள் தம்பி நலம். தேவைக்கு அதிகமாகவே நலம். வண்டிக்குத்தான் நலமில்லை என்கிறார். நான் நலமா என்று இந்த வீட்டில் கேட்க ஆளில்லை. அங்கே நீங்கள், அண்ணன், பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியம் என்றே வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் சாயங்காலத்துக்குள் நாலு சட்டைக்குக் காலர் வைத்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அண்ணனோடு புறப்பட்டு வந்து, அண்ணன் புது வண்டி வாங்கியபோது எங்களுக்குக் கொடுத்தாரே, அந்தப் பழைய பிக்கப், அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். வண்டி இல்லாவிட்டால் முட்டை வியாபாரம் எப்படி நடக்கும் என்று கேட்பீர்கள். நடக்க வேண்டாம். தட்டுத் தட்டாகத் தலையில் சுமந்து கடை கடையாகப் போடட்டும். அந்த வண்டி இருக்கிற வரைக்கும் உங்கள் தம்பி எனக்கு இல்லை அண்ணி. அவரைப் பெரிய ரோட்டில் ஒரு வீல் அலைன்மென்ட் கடை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் கடையை நடத்துகிறவள் ஒரு பெண்பிள்ளை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "வண்டி வலது பக்கம் இழுக்குது" என்றார். எனக்கு என்ன தெரியும், "பழைய வண்டிதானே, இழுக்கட்டும்" என்றேன். "இல்லம்மா, கையை விட்டா தானாப் போகுது. நேராப் போகணும்னா ஸ்டீயரிங்கை இடது பக்கம் திருப்பியே பிடிச்சிருக்க வேண்டியிருக்கு, தோள்பட்டை விட்டுப்போகுது" என்றார். சரி, தோள்பட்டை ஆச்சே என்று நானே வாயைக் கொடுத்து, "யார்கிட்டயாவது காட்டுங்களேன்" என்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். மறுநாள் போனார். முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். "அந்தம்மாவுக்கு என்ன கை! மெஷினெல்லாம் அப்புறம். டயரைத் தடவிப் பாத்தே எத்தனை நூல் விலகியிருக்குன்னு சொல்லிடுறாங்க!" என்றார். நான் அப்போது அவர் தட்டில் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். மிச்சக் குழம்பு தரையில் கொட்டியது.

அண்ணி, நீங்களே நியாயம் சொல்லுங்கள். பத்தொன்பது வருஷமாக அவர் உடம்பில் கிடக்கிற ஒவ்வொரு சட்டையும் என் கையால் வெட்டி என் கையால் தைத்தது. ஒவ்வொன்றையும் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று அவர் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? "ம், போட்டுக்கலாம்." அவ்வளவுதான். ஒரு தீபாவளி வெடி மாதிரி வெடித்துப் பாராட்டச் சொல்லவில்லை, "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை. வரவில்லை. ஆனால் கிரீஸ் பிடித்த ஒரு கைக்கு "என்ன கை!" வருகிறது.

அதற்குப் பிறகு வாரா வாரம் போகிறார். போன வாரம்தானே சரி பண்ணினீர்கள் என்றால், "மறுபடியும் விலகிடுச்சு, உள்ள ஏதோ முனை தேஞ்சிருக்காம், பழைய மாடல், பார்ட்ஸ் வரல" என்கிறார். வராதா? இந்த உலகத்தில் எது எதுவோ வருகிறது, இவருக்கு ஒரு முனை மட்டும் வராதாம். அதுவும் சும்மா போகிறாரா? முட்டை இறக்குகிற நாளெல்லாம் கிழிந்த பனியனோடு போகிற மனுஷன், அலைன்மென்டுக்குப் போகிற நாள் மட்டும் நான் தைத்த நீலக் கோடு போட்ட சட்டையைத் தேடி எடுத்து, தலையை வழித்துச் சீவிக்கொண்டு போகிறார். என் சட்டையைப் போட்டுக்கொண்டு! வயிறு எரியுமா எரியாதா?

என் கடைக்குப் பக்கத்துக் கடை பஞ்சர் கடை. அந்தக் கடைக்காரருக்கு டயருக்குக் காற்று அடிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் ஊர் விஷயத்துக்குக் காற்று அடிப்பதுதான் வேலை. அவரிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தேன். "நம்ம தெருவில இருந்து பெரிய ரோட்டுல ஏறினா அவ கடை வலது பக்கம். வண்டி இழுக்கறதும் வலது பக்கம். இதுல உங்களுக்கு ஒண்ணும் தோணலையா?" என்றேன். அவர், "ஏம்மா, திரும்பி வரும்போது அந்தக் கடை இடது பக்கமாச்சே. அப்பவும் வண்டி வலது பக்கம்தானே இழுக்குது?" என்றார். "அது குற்ற உணர்ச்சி" என்றேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கினார்.

அன்றைக்கே முடிவு பண்ணினேன். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். வண்டி வாய் பேசாது, பொய்யும் சொல்லாது. வண்டி கோணலாக இருந்தால் மனுஷர் நேர். வண்டி நேராக இருந்தால் மனுஷர் கோணல். நானே பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். விடியற்காலை லோடு முடித்து வந்து மத்தியானம் அவர் தூங்குகிற நேரம் வண்டி என் கடை ஓரமாகத்தான் நிற்கும். எங்கிருந்து தொடங்குவது என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்டேன். "எதுக்கும் முதல்ல காத்து பாக்கணும்மா. ஒரு பக்கம் காத்து குறைஞ்சா அந்தப் பக்கம்தான் வண்டி சாயும்" என்றார். பார்த்தார். அண்ணி, முன்பக்கம் வலது டயரில் காற்று எட்டுப் பவுண்டு குறைவு! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வெறும் காற்றுக்காகவா இந்த மனுஷன் இரண்டு மாதமாகச் சீவிக்கொண்டு போகிறார் என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக அடைக்கச் சொன்னேன். மறுநாள் வந்தார். "இன்னைக்கு என்னவோ கொஞ்சம் தேவலை" என்றார். நான் பூரித்துப் போய் நிற்கும்போதே, "ஆனா இன்னும் இழுக்குது" என்று ஒரு குண்டைப் போட்டார்.

அடுத்தது டயர். டயரிலேயே கோளாறு இருந்தாலும் ஒரு பக்கம் இழுக்குமாம். முன்பக்கத்து இரண்டு டயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால், இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில், மாறாவிட்டால் வேறு இடத்தில். நல்ல யோசனை என்று நானும் பஞ்சர் கடைக்காரரும் ஜாக்கி வைத்துத் தூக்கினோம். வண்டியின் பின்னால் மத்தியானத்துக்கு மேல் கொடுக்க வேண்டிய லோடு இருக்கிறது என்பதை நான் பார்க்கவில்லை, அவர் பார்த்தாராம், நான் பார்த்திருப்பேன் என்று நினைத்தாராம். வண்டி தலையைத் தூக்கியதும் உள்ளே சரசரவென்று ஒரு சத்தம். மூன்று தட்டு. தொண்ணூறு முட்டை. கழுவக் கழுவ வழுக்கிக்கொண்டே இருந்தது, ஒரு வாடிக்கையாளர் அளவு கொடுக்க வந்து என் கடை வாசலில் உட்கார்ந்த வாக்கில் உள்ளே வந்தார். தூங்கி எழுந்த உங்கள் தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு, "மூணு தட்டைக் காணோமே?" என்றார். "பூனை" என்றேன். "தொண்ணூறு முட்டையையுமா?" என்றார். "பெரிய பூனை" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்காத மனுஷர்தான் சந்தேகத்துக்கு உரியவர், மடியில் கனம் இருப்பதால்தானே பேச்சை வளர்க்கவில்லை என்று அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். டயர் மாறிய வண்டி மறுநாளும் வலது பக்கமே இழுத்தது.

சரி, பிரேக் இருக்கிறது. ஒரு சக்கரத்தில் மட்டும் பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் இழுக்கும், அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும், ஓட்டி நிறுத்தின உடனே தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் பஞ்சர் கடைக்காரர். அதற்காக நூல் வாங்கப் போவதாகச் சொல்லி ஒரு நாள் உங்கள் தம்பியோடு வண்டியில் ஏறினேன். அன்றைக்குத்தான் அண்ணி என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அவள் கடை வந்ததும் இவர் வேகத்தைக் குறைத்து ஒரு கையைத் தூக்கினார். உள்ளேயிருந்து தலையில் தொப்பியும் இடுப்பில் துணியுமாக அவள் ஒரு ஸ்பானரைத் தூக்கினாள். எனக்கு இவர் எப்போதாவது கை தூக்கியிருக்கிறாரா என்று யோசித்தேன். ஒரு தடவை தூக்கினார், நான் மேஜை மேல் நின்று பல்பு மாட்டும்போது. அது பல்பை வாங்க. அந்த ஆத்திரத்தோடு நூல் கடை வாசலில் இறங்கினேன், வண்டியைச் சுற்றி ஓடிப்போய் இரண்டு சக்கரத்தின் நடுவிலும் அழுத்தமாகக் கை வைத்துவிட்டேன். லேசாக, புறங்கையால் தொட வேண்டும் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் ஒரே சூடு. அதாவது பிரேக்கில் கோளாறு இல்லை, கோளாறு என் கையில்தான், மூன்று விரல் கொப்புளம். இவர் பதறிப் போய், "என்னம்மா பண்ற, சக்கரத்தை எதுக்குத் தொடுற?" என்று தண்ணீரை ஊற்றி, என் கையைப் பிடித்து ஊதி ஊதி விட்டார். இந்தக் கனிவெல்லாம் இவருக்கு எங்கிருந்து வந்தது, யாரிடம் கற்றார் என்று எனக்கு எரிந்தது. விரல் எரிந்ததைவிட அதுதான் அதிகம் எரிந்தது.

கொப்புளம் ஆறின பிறகு, அவள் செய்கிறதாகச் சொன்னாரே, அந்தத் தடவிப் பார்க்கிற வித்தையை நானும் செய்து பார்த்தேன். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினேன், வழுவழுவென்று போனது. உள்ளேயிருந்து வெளியே தடவினேன், அரம் மாதிரி பிடித்தது. வெல்வெட் துணியை ஒரு பக்கம் தடவினால் பணிந்து படுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் சிலிர்க்கும் இல்லையா, அதேதான். சக்கரம் நேரே உருளாமல் கோணலாகத் தேய்த்துக்கொண்டு போனால்தான் ரப்பர் அப்படி ஒரு பக்கம் சாய்ந்து தேயுமாம். உண்மையைச் சொல்கிறேன் அண்ணி, கைக்குத் தெரிந்தது. கைக்குத் தெரிந்ததை மனசு ஒப்பவில்லை. வருஷக்கணக்காக ஓடின டயர், கொஞ்சம் முரடாகத்தான் இருக்கும், பழைய டயர் என்ன பட்டா இருக்கும் என்று எழுந்துவிட்டேன். தடவிப் பார்த்து முடிவு சொல்வது அவள் தொழில். என் தொழில் அளவு. டேப்பை எடுத்தேன்.

இன்று சற்று முன்தான் அளந்தேன். முன் சக்கரம் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால், இரண்டு டயருக்கும் இடையில் முன் ஓரத்தில் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் பின் ஓரத்திலும் இருக்க வேண்டும். முன்னால் குறைந்திருந்தால் சக்கரங்கள் ஒன்றையொன்று பார்த்து மூக்கை நீட்டுகின்றன என்று அர்த்தம். இது எனக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? சட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் சேராவிட்டால் என்ன ஆகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி, இரண்டு டயரின் நடுவிலும் என் மார்க்கிங் சாக்பீஸால் கோடு போட்டு, பழைய துணியை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். பஞ்சர் கடைக்காரர் ஒரு முனையைப் பிடித்தார், நான் மறுமுனையைப் பிடித்து, ஒரு சுருக்கம் தொய்வு இல்லாமல் இழுத்து, நானே படித்து, நானே நோட்டில் எழுதினேன். முன்பக்கம் ஐம்பத்தாறு இன்ச். பின்பக்கம் ஐம்பத்தாறு. நேர். அண்ணி, சக்கரம் நேர்! ஒரு நூல் வித்தியாசம் இல்லை!

பஞ்சர் கடைக்காரர், "நல்ல சேதிதானே, ஏம்மா அழுவுறீங்க?" என்றார். அவருக்கு என்ன தெரியும். சக்கரம் கோணலாக இருக்க வேண்டும் என்று நான் எத்தனை வேண்டுதல் வேண்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன் என்பது எனக்குத்தான் தெரியும். முதல் கோணல் முற்றும் கோணல் என்பார்கள். என் விஷயத்தில் கோணலே இல்லாமல் எல்லாம் கோணலாகிவிட்டது. வண்டியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத வண்டிக்கு வாரா வாரம் அலைன்மென்ட் என்றால், இழுக்கிறது வண்டி இல்லை, இழுபடுகிறதும் வண்டி இல்லை. நான் அழகி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சமையலில் உப்பு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, அதுவும் சரி. எனக்கு இருக்கிறது இந்தக் கை ஒன்றுதான். அதை விட்டுவிட்டு இன்னொருத்தி கையைப் பற்றி என் வீட்டில் உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுகொண்டே புகழ்ந்தார் பாருங்கள், அது பொறாமை அண்ணி, வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பச்சைப் பொறாமை.

ஆகவே மேற்படி வண்டியை ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அவரிடம் நான் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா சொன்னால் கேட்பார், பெண்டாட்டி சொன்னால் காது கேட்காது. அளவு எழுதின நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது, சாட்சிக்கு வேண்டுமானால் பஞ்சர் கடைக்காரரும் வருவார்.

அண்ணனுக்கு என் வணக்கம். பெரியவளுக்குத் தைக்கச் சொன்ன பாவாடை முடிந்துவிட்டது, சின்னவனுக்கு என் அன்பும் ஒரு முத்தமும். அந்த வீட்டில் எல்லோரும் கோணல் மாணல் இல்லாமல் நேராக, நிறைவாக வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உங்கள் தம்பிக்குத் தற்சமயம் மனைவியாக இருக்கும்
நான்.

பின்குறிப்பு (புதன்கிழமை, சாயங்காலம்): அண்ணி, மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

கவரை ஒட்டிவிட்டேன் (இதை எழுதத்தான் மறுபடி பிரித்தேன்). ஆனால் நேரே தபால் பெட்டிக்குப் போகக் கால் வரவில்லை, அவள் முகத்துக்கு நேரே நோட்டை நீட்டி நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போடலாம் என்று தோன்றியது. இன்று மத்தியானம் வண்டி அங்கேதான் நிற்கிறது என்று பஞ்சர் கடைக்காரர் வேறு சொன்னார். போனேன். உங்கள் தம்பி பக்கத்துக் கடைகளுக்கு நடந்தே முட்டை கொடுக்கப் போயிருந்தார். அவள் மட்டும் வண்டிக்கு அடியில் இருந்தாள். வெளியே தெரிந்த காலைப் பார்த்து, "கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றேன். வந்தாள். என் வயசுதான் இருக்கும், மூக்கிலெல்லாம் கரி. நோட்டைத் திறந்து நீட்டினேன். "முன்னாடி அம்பத்தாறு, பின்னாடி அம்பத்தாறு. வண்டி நேரா இருக்கு. அப்புறம் வாரா வாரம் இங்க என்ன நேராக்கறீங்க?" என்றேன். பத்து பேர் கேட்கட்டும் என்று உரக்கவே கேட்டேன், ஆனால் அங்கே ஒருவரும் இல்லை.

அவள் கோபப்படவில்லை. "இருக்காதே" என்று தலையைச் சொறிந்துகொண்டு, வண்டியை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டினாள். டக் டக் என்று கடகடத்தது. "கேக்குதா? சக்கரத்தைத் திருப்பற கம்பியோட முனை தேஞ்சு போச்சு. நான் நேராக்கி அனுப்பறேன், ஒரு வாரத்துல மறுபடி உள்ள திரும்பிக்குது. புது முனைக்கு நாலு இடத்துல சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அப்புறம் வண்டியை இறக்கி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்தி, தன் டேப்பின் ஒரு முனையை என் கையிலேயே கொடுத்து, "வாங்க, சேர்ந்தே அளந்துடலாம்" என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் படுத்தோம். பின்பக்கம் ஐம்பத்தாறு. முன்பக்கம் ஐம்பத்தைந்தரை.

எனக்கு அந்த இடத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. அண்ணி, சட்டைக்கு அளவு எழுதும்போது முன்பக்கம் என்று எழுதினாலே என் கை தானாக அரை இன்ச் சேர்த்துக்கொள்ளும். பட்டன் வைக்கிற பட்டிக்கு. பின்பக்கத்துக்குப் பட்டன் கிடையாது, அதனால் சேர்ப்பதில்லை. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம், யோசித்தா செய்கிறேன்? டேப்பில் ஐம்பத்தைந்தரை என்று பார்த்திருக்கிறேன், நோட்டில் ஐம்பத்தாறு என்று எழுதியிருக்கிறேன். முட்டை வண்டிக்குப் பட்டன் பட்டி விட்டிருக்கிறேன்! உங்கள் தம்பி சொன்னதெல்லாம் அட்சரத்துக்கு அட்சரம் நிஜம். இழுத்தது நிஜம், தேய்ந்தது நிஜம், பார்ட்ஸ் வராதது நிஜம். நான்தான் அரை இன்ச் துணிக்காக ஒரு நல்ல மனுஷனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டேன்.

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நோட்டை வாங்கிப் பார்த்து, "இது நீங்க அளந்ததா இருக்காதே அக்கா" என்றாள். ஏன் என்றேன். "உங்களை எனக்குத் தெரியாதா? உங்க வீட்டுக்காரர் வந்து நின்னா வண்டியைப் பத்தி ரெண்டு வார்த்தை, உங்களைப் பத்தி இருபது வார்த்தை. 'நீ மெஷினை வச்சுக்கிட்டுப் பாக்கற, எங்க வீட்ல கண்ணாலயே அளந்துடுவா, அவ அளவு ஒரு நூல் பிசகாது'ன்னு வாரா வாரம் இதே பாட்டு. அந்த நீலக் கோடு போட்ட சட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டி, 'கோடு தோள்பட்டையில சேர்ந்திருக்கு பாரு, எங்கயாவது விலகியிருக்கா?'ம்பார். எனக்கு வீட்ல இப்படிச் சொல்ல ஒரு ஆள் இல்லையேன்னு உங்க மேல எனக்கு எவ்வளவு வயித்தெரிச்சல் தெரியுமா!" என்றாள்.

அண்ணி, பொறாமையை நான் அனுபவித்திருக்கிறேன், என் மேல் ஒருத்தி பொறாமைப்பட்டு இதுவரை பார்த்ததில்லை. என்னத்தைச் சொல்ல, ரொம்ப நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் என் குணம் போகுமா? பத்தொன்பது வருஷம் என்னிடம் "ம், போட்டுக்கலாம்" என்றவர், அந்த நல்ல வார்த்தைகளையெல்லாம் இவளிடம் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார், எட்டு வாரமாக எனக்கு வர வேண்டியதை இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அதற்கும் ஒரு பக்கம் எரிந்தது.

அப்போது அவள், "பின்ன யார்தான் அளந்தது? அரை இன்ச் விட்டிருக்காங்களே, நாலு நூல்! யார் இந்தப் புண்ணியவதி?" என்றாள். ஒரு நூல் பிசகாது என்று அவர் வாரா வாரம் சொல்லிவைத்திருக்கிற இடத்தில் நின்றுகொண்டு நான் என்ன பதில் சொல்வேன்? வாயில் வந்தது. "எங்க நாத்தனார். நேத்து வந்திருந்தாங்க" என்று சொல்லிவிட்டேன்.

சொல்லி வாய் மூடவில்லை, வெறும் முட்டைத் தட்டோடு உங்கள் தம்பி வந்து நின்றார். "நீ எங்க இங்க?" என்றார். அவள் நோட்டைக் காட்டி, "உங்க அக்கா அளவைப் பாத்தீங்களா?" என்று சிரித்தாள். அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க அக்காவா? ஜன்னலுக்குத் திரை வாங்கப் போயி ஒரு சாண் குட்டையா வாங்கிட்டு வந்தவ, அவ சக்கரத்தை அளந்தாளா? எப்ப வந்தா? என்னைப் பாக்காமயா போனா?" என்று அடுக்கினார். "நீங்க தூங்கிட்டிருந்தீங்க, அவசரமாப் போய்ட்டாங்க" என்றேன். அவர் அவளிடம் திரும்பி, "அதானே பாத்தேன். எங்க வீட்ல அளந்திருந்தா இப்படி வருமா?" என்றார். என் காது பட, என் முகத்துக்கு எதிரே சொன்னார் அண்ணி. நான் வண்டியின் மறுபக்கம் போய்ச் சக்கரத்தைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வண்டியை எடுத்துப் போக நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவரே அதில் உங்கள் வீட்டுக்கு வருகிறார், என்னைப் பார்க்காமல் ஏன் போனாய் என்று உங்களோடு சண்டை போட. அதற்குள் இந்தக் கடிதம் வந்துவிடும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், செவ்வாய்க்கிழமை வந்தது நிஜம், டேப்பைப் பிடித்து அளந்ததும் நீங்கள், தப்பாக எழுதியதும் நீங்கள் என்று சொல்லிவிடுங்கள். உங்களை அவர் கேலி பண்ணுவார், பண்ணிவிட்டுப் போகட்டும், திரை விஷயத்தில் ஏற்கெனவே பண்ணுகிறவர்தானே. என்னைப் பற்றி அவர் ஊரில் ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கிறார் அண்ணி. அது பொய்யாகிவிடக் கூடாது.